உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு பேசும் ஒலிபெருக்கி

"பஸ் ஊருக்குள்ள வருது. வெந்தெலீன், கொடியில கிடக்குற ஜட்டியை எடுத்துடு" என்று கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஒலிபெருக்கியில் சொல்கிறவளை எப்படி மன்னிப்பது? பல வருஷமாக வெந்தெலீன் இதை நெஞ்சில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கிறான். மரம் அறுக்கும் பட்டறையில் வேலை, கரடு முரடான ஆள். ஆனாலும் ஹெட்விகாவின் குரல் கிளம்பினால் அவன் காது சிவந்துவிடும்.

தப்பு அவன் வீட்டுச் சுவருடையது. வால்நட்சத்திரம் கண்டுபிடித்த ஒரு மேதை பிறந்த வீடு இதுதான் என்று அதில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். வழியில் வண்டி அச்சு முறிந்ததால் இந்த யாலோவ்கா ஊரில் பிறந்து, பத்தே நாளில் தாயோடு கிளம்பிப்போன குழந்தை. அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்கு அதுவே போதும். தீயணைப்புக் குழுவின் கொடியில்கூட வால்நட்சத்திரம் பறக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அருங்காட்சியகம் என்று நினைத்து வெந்தெலீனின் சமையலறைக்குள் நுழைந்து, அவன் முட்டைக்கோஸ் சூப் குடிப்பதை மரியாதையோடு நின்று பார்ப்பார்கள். ஒருத்தி "அப்படியே அந்தக் காலத்து ஆள்" என்று படமும் பிடித்துப் போனாள்.

ஊராட்சி அலுவலகத்தில் ஹெட்விகா பார்க்காத வேலை இல்லை. உயிர் மட்டும் மைக்கில். கம்பளிச் செருப்புக்கு மாறி, உதட்டுக்குச் சாயம் பூசி, மைக்கில் இரண்டு ஊது ஊதிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், "வெறும் உதட்டோட பேசுனா குரல் வெளிறிப்போயிடும்" என்பாள். முதலில் பாட்டு, பிறகு சேதி. அது ஊர் வழக்கம். எந்தச் சேதிக்கு எந்தப் பாட்டு என்பது அவள் ராஜ்ஜியம். கோழிக்குஞ்சு விற்கும் வண்டி வந்தால் துள்ளாட்டம் போடவைக்கும் போல்கா. குழாயில் தண்ணீர் வராது என்றால் குடிகாரன் பாட்டு. சாவுச் சேதியை மட்டும் எழுந்து நின்று படிப்பாள்.

அவளுக்கு இருப்பது ஒரே வியாதி. பேசி முடித்த பிறகு மைக்கை அணைக்க மறந்துவிடுவாள். ஊர்த்தலைவர் மனைவியின் புதுத் தொப்பியைப் பற்றி அவள் தன் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னதை ஊரே கேட்டது. அப்போது கடைத்தெருவில் இருந்த அந்தத் தொப்பியும் கேட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மைக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாருக்கும் கைபேசியில் சேதி அனுப்பிவிடுவேன் என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று ஹெட்விகா சாப்பிடவில்லை. வெந்தெலீன் சந்தோஷத்தில் பிளம் சாராயம் குடித்தான்.

போன மாதம் மேதையின் பிறந்தநாள் விழா. திடலில் பித்தளை வாத்தியக் குழு, குலாஷ் கறிக்குழம்பு கொதிக்கும் அண்டா. விருந்தாளிகளின் பஸ் வரும் சேதியோடு வெந்தெலீனின் ஜட்டியும் காற்றில் ஏறியது. அவன் அலுவலகப் படிகளை அதிர அதிர ஏறினான். அவன் மகளுக்கு ஹெட்விகா ஞானத்தாய். அந்த முறையில் இருவரும் சண்டையில்கூட ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன் சம்பந்தி, இந்த ஊருல வேற யாருக்கும் ஜட்டியே கிடையாதா?"

"இருக்கு சம்பந்தி. யாரும் ரோட்டுப் பக்கம் காயப்போடல."

இன்றைக்கே, விருந்தாளிகள் கண்ணெதிரே, கல்வெட்டைப் பெயர்த்து ஆற்றில் எறியப்போவதாக அவன் கத்தினான். ஹெட்விகா கசகசா ரொட்டியைக் கடித்தபடி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"பேத்துப் போடு. கடப்பாரை நான் தர்றேன். அந்த மனுஷன் இந்த ஊர்ல பத்து நாள் இருந்தான், பத்து நாளும் அழுதான். நீ இங்கயே கிடக்குற. ஆத்துல வெள்ளம் வந்து என் அடுப்பு முங்கினப்போ என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனது யாரு, வால்நட்சத்திரமா? என்னைக் கேட்டா உனக்குத்தான் கல்வெட்டு வைக்கணும். ஆனா ஜட்டியை ரோட்டைப் பாக்கக் காயப்போடுறவனுக்கு எப்படிய்யா வைக்கிறது?"

கீழே வாத்தியம் சட்டென்று நின்றது. அடுத்த கணம் திடல் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. யாரோ வெந்தெலீன் பெயரைச் சொல்லி வாழ்த்துக் கூவினார்கள். மைக்கில் இன்னும் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கை முதலில் பார்த்தவன் அவன்தான். அதை நோக்கி விரலை நீட்டினான்.

ஹெட்விகா ரொட்டியை மெல்லக் கீழே வைத்தாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "எதுலேர்ந்து கேட்டிருப்பாங்க?" என்றாள்.

"ஜட்டியிலேர்ந்து."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் வந்தது. அவனும் சிரித்துவிட்டான், நிறுத்த முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டான். படியில் தலைவரின் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. ஹெட்விகா கண்ணாடி பார்த்து உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தாள். பாட்டுப் பெட்டியில் இருப்பதிலேயே வேகமான ஆட்டப் பாட்டைத் தேடி எடுத்தாள்.

"சம்பந்தி, அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. ஒரே ஒரு பாட்டு."

வெந்தெலீன் மரம் சுமந்து காய்த்த முதுகைக் கதவில் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டான்.