ஆம்பூர் பக்கம் ஒரு பழுக்காத தக்காளித் தோட்டமும், நான் போட்ட தப்பான பதிலும்

போன மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் ஆம்பூர் போனது பிரியாணிக்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று வழியில் பார்த்த ஒருத்தரும் நம்பவில்லை. இதே வலைப்பூவில் நான் போட்ட ஒரு பதில் சரிதானா என்று நேரில் பார்க்கப் போனேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் அரக்கோணத்துக்காரி. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், லீவு கிடைத்தால் செடி பார்க்க ஊர் சுற்றுவேன். பிப்ரவரி கடைசியில் ஸ்டெல்லா என்ற பெண் ஒரு படம் அனுப்பிக் கேட்டிருந்தார். பாலாற்றங்கரையில் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஏக்கர் நிலம், அதில் எட்டு சென்ட்டில் தக்காளி. சில செடிகளில் காய் நன்றாகப் பெருத்து, எலுமிச்சை நிறத்துக்கு வந்து, அதோடு நின்றுவிட்டது. சிவக்கவே இல்லை. ஏன்?

நான் ஊர்ப் பேரைப் படித்தேன். ஆம்பூர் என்றால் தோல் பதனிடுவது, தோல் என்றால் கழிவுநீர். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டிருக்கிறது. அந்த நிலத்தில் இனி காய்கறி வைக்காதீர்கள்" என்று பதில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். பெரிய மேதாவி.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஸ்டெல்லா திரும்ப எழுதினார். என் பதிலை அவர் மாமியாருக்கு வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். 'காலேஜ் மேடமே சொல்லிட்டாங்க' என்று நிலத்தை விற்றுவிட முடிவாகிவிட்டது. குடோன் கட்ட யாரோ கேட்கிறார்களாம், திங்கட்கிழமை பார்க்க வருகிறார்கள். "நீங்க சொன்னது சரிதானான்னு இன்னொரு தபா பாத்துச் சொல்லுங்க மேடம்" என்று கீழே ஒரு வரி. கூடவே புதுப் படம். பழுக்காத செடி ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பு கிணற்றுப் பக்கம் மட்டும் இல்லை, தோட்டம் முழுக்க இறைந்து கிடந்தது. தண்ணீர்தான் காரணமென்றால் இப்படி அங்கங்கே தெறித்திருக்காது. ஒரு குடும்பத்தின் நிலம், என்னுடைய ஒன்றரை வரியால் போகப் போகிறது.

சனிக்கிழமை காலை 7.25க்கு அரக்கோணத்தில் ரயில். முன்பதிவில்லாத டிக்கெட் 65 ரூபாய். காட்பாடி வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன். 9.35க்கு ஆம்பூர். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கார பாய் ஒருவர், "பிரியாணிக்கா மேடம்? பதினொரு மணிக்கு மேலதான் ரெடியாவும்" என்றார்.

"இல்ல பாய், தக்காளி பாக்க."

"தக்காளிக்கா? இங்க மார்க்கெட்லயே கம்மி ரேட்டுக்குக் கிடைக்குதே. அதுக்கு ஏன் இவ்ளோ பேஜார்?"

ஒன்பது கிலோமீட்டருக்கு 280 கேட்டார், 220க்கு ஒத்துக்கொண்டார். ஷூ கம்பெனிகளைத் தாண்டி ஆற்றுப் பக்கம் திரும்பும்போது அவராகவே சொன்னார்: "அந்தப் பக்கம் கெணறுங்க நிறைய போச்சு மேடம்." ஆக, என்னைப் போலவே யோசிக்கிறவர் இன்னொருத்தரும் இருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஸ்டெல்லாவுக்கு முப்பத்திரண்டு வயசு. பத்து வருஷமாக ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவின் மேல்தோலில் கீறலோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், தப்பு இருக்கும் இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அதே ஸ்டிக்கரைத்தான் செடிகளிலும் ஒட்டியிருந்தார், தண்டில், முழங்கால் உயரத்தில், எல்லாம் ஒரே அளவில். "பழக்கம்க்கா. தப்பு எங்கன்னு காட்டாம விட்டா கை சும்மா இருக்காது" என்றார். மேடத்திலிருந்து அக்காவுக்கு வர அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தக் காய்களைப் பார்க்க வேண்டுமே. வெளிர் மஞ்சள், பளபளவென்று, கல்லு மாதிரி. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு புள்ளி இல்லை, இலையும் நல்ல பச்சை. மாமியார் ரோசம்மா அரிசி டப்பாவுக்குள் வாழைப்பழத்தோடு பத்து நாள் மூடி வைத்துப் பார்த்தாராம். வாழைப்பழம் கறுத்துப்போனது, தக்காளி அப்படியே இருந்தது.

எண்ண ஆரம்பித்தோம். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபத்தாறு, மொத்தம் 312 செடி. கிணற்றுப் பக்கம் ஆறு வரிசையில் 42 அம்பு. ரோட்டுப் பக்கம் ஆறு வரிசையில் 39. கூட்டினால் 81. முந்நூற்றுப் பன்னிரண்டில் கால் பங்கு 78. மூணுதான் ஜாஸ்தி.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷமாக இந்த மரபியல் கணக்கைப் போர்டில் எழுதுகிறேன்: மூன்றுக்கு ஒன்று. பையில் இரண்டு நிறப் பட்டனைப் போட்டுக் குலுக்கி எடுக்க வைத்து நடத்துகிறேன். ஒரு தோட்டத்தில், வெயிலில், வேர் விட்டு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"விதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலக்கா. மார்க்கெட்ல ஒரு தக்காளி வாங்கினேன். பதினெட்டு நாள் கிச்சன்ல கெடாம இருந்துச்சு. இது நல்ல ஜாதின்னு நான்தான் விதை எடுத்தேன். அத்தை கடைல வாங்கலாம்னாங்க, நான் கேக்கல."

விஷயம் இதுதான். தக்காளி பழுப்பது தானாக நடக்கிற காரியம் இல்லை. பச்சையை உடைக்க, சிவப்பைத் தயாரிக்க, சதையை இளக்க, பழுக்கச் சொல்லும் எத்திலீன் வாயுவை வெளியிட என்று தனித்தனி மரபணுக்கள் உண்டு. இவை எல்லாவற்றையும் எழுப்பிவிட மேலே ஒரு மரபணு வேண்டும். சில செடிகளில் அந்த மேல் மரபணு மாறிப்போயிருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் மாறியதாக அமைந்தால் பழம் சிவக்கவே சிவக்காது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் மெதுவாகப் பழுக்கும், நாள் கணக்கில் கெடாது. வியாபாரிகளுக்கு வேண்டியது அதுதான், அதனால் அப்படிப்பட்ட ஒட்டு (ஹைபிரிட்) ரகங்களை வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். ஸ்டெல்லா வாங்கியதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதன் விதையைப் போட்டால் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி பிரதிகள் மறுபடி கலைகின்றன. கால் பங்கு செடிக்கு இரண்டுமே மாறிய பிரதியாக வந்து சேரும்.

"லைன்ல ஆளுங்க எல்லாம் இருக்காங்க, சூப்பர்வைசர் மட்டும் வரல. அதானேக்கா?" என்று தன் கம்பெனிக் கணக்கில் கேட்டார் ஸ்டெல்லா.

"நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நடத்தினேன். இப்ப வேற மாதிரி சொல்றாங்க. சூப்பர்வைசர் வந்திருக்கார், வந்து நின்னுக்கிட்டு 'செய்யாதே'ங்கறார். அந்த மரபணுவையே மொத்தமா எடுத்துட்டா காய் பாதியாவது நிறம் மாறுதாம்."

"அந்த மாதிரி ஆளு எங்க லைன்லயும் இருக்காரு" என்றார் ஸ்டெல்லா. வாழைப்பழம் ஏன் தோற்றது என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து வாழைப்பழம் எவ்வளவு வாயு விட்டாலும் உள்ளே தடுத்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறாரே.

ஸ்டெல்லா ஒரு மஞ்சள் காயை அறுத்துக் காட்டினார். உள்ளே விதை நன்றாக முற்றியிருந்தது, போட்டால் முளைக்கும். பழம் பழுக்கவில்லை, ஆனால் விதை தன் வேலையை முடித்துவிட்டது. எத்தனை தடவை பாடம் எடுத்தாலும் இது எனக்கு ஆச்சரியம்தான்.

அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார். "காரணம் தண்ணி இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. ஒரே வாய்க்கா, பக்கத்துப் பக்கத்துல நிக்குது, ஒண்ணு பழுக்குது ஒண்ணு பழுக்கல. அப்ப விதைதான். தண்ணின்னு நீங்க சொன்னப்போ அப்பாடான்னு இருந்துச்சு, என் தலை தப்பிச்சுதுன்னு. வாயைத் தொறக்கல. நிலத்தையே விக்கறாங்கன்னதும்தான் ஸ்டிக்கரைக் கையில எடுத்தேன்."

மோட்டார் ரூம் நிழலில் ரோசம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா நேராகப் போய் நின்றார். "அத்தை, தக்காளி பழுக்காததுக்குக் கெணறு காரணம் இல்ல. தப்பு என்னுது. விதை நான் எடுத்தது."

"தப்பான பதில் சொன்னது நான்மா" என்றேன் பின்னாலிருந்து.

ரோசம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா, போட்டி போடுறீங்களா?" பிறகு என்னிடம், "நிச்சயமா?"

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. "தக்காளிக்குக் காரணம் தண்ணி இல்ல, அது நிச்சயம். தண்ணி நல்லதான்னு டெஸ்ட் பண்ணாம சொல்ல மாட்டேன்."

கடலைத் தோலைத் தட்டிவிட்டு மருமகளிடம் போனை நீட்டினார். "அந்த ஆளுக்குப் போட்டுக் குடு. திங்கக்கிழமை வர வேணாம்னு சொல்றேன். அடுத்த தபா விதை கடைலதான், சொல்லிட்டேன். அந்த ஸ்டிக்கர எம்மேல ஒட்டாம இருந்தா சரி."

இனி போகிறவர்களுக்கு. கிராமத்தின் பேரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் ஆம்பூர் பாலாற்றங்கரைத் தோட்டங்களை மார்ச்சுக்குள் பாருங்கள், அதற்குப் பிறகு வெயில் ஆளைப் பொசுக்கிவிடும். திரும்பும்போது டவுன் பஸ் பிடியுங்கள், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஸ்டேஷன் பக்கம் இறங்கிப் பிரியாணி சாப்பிட்டேன், 160 ரூபாய், ஒத்துக்கொள்கிறேன். ஒட்டு ரகத் தக்காளியிலிருந்து விதை எடுத்து ஆசைக்கு நாலு செடி வையுங்கள், பிழைப்புக்கு வைக்காதீர்கள். கிணறு மேல் சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், என்னை மாதிரி ஆட்களிடம் கேட்காதீர்கள். ஸ்டெல்லா வீட்டில் பரிசோதனைக்குக் கொடுத்த தண்ணீருக்கு இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, விவசாயத்துக்கு ஆகும்.

ஸ்டெல்லா பையில் போட்டுக் கொடுத்த மஞ்சள் தக்காளி நாலும் இதை எழுதும்போதும் என் லேப் மேஜையில் இருக்கின்றன, இருபத்தாறாவது நாள்.

என் பழைய பதிலை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். "அழிக்காதீங்கக்கா. செக்கிங்ல தப்பை மறைக்க மாட்டோம், அம்பு போட்டுத்தான் அனுப்புவோம்" என்றார். அதனால் அது அங்கேயே இருக்கிறது. அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "மேலே உள்ளது தவறு. பார்க்காமல் எழுதியது. பார்த்துக் கண்டுபிடித்தவர் ஸ்டெல்லா."