நட்மெக் எங்கேயும் போகவில்லை

ட்ரீமா ஸ்டிதம் யாரையும் நம்பமாட்டாள். கென்டக்கியில் ஒரு குதிரைப் பண்ணையின் தாய்க்குதிரைகளையும் குட்டிகளையும் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொள்பவள். லாடம் அடிக்க வருபவன் பூட்ஸை ப்ளீச் தண்ணீரில் முக்காமல் உள்ளே வர முடியாது. தபால்காரர் வேலியோரம் நின்றுவிட்டால் அவருக்கு என்ன வேலை என்று ஆள் அனுப்பிக் கேட்பாள்.

நான் நான்கு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, நியூ மெக்சிகோவில் வாங்கிய ஜூனிபர் என்ற சினைக்குதிரையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ட்ரீமா என் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரையின் மூக்கைப் பார்த்தாள்.

"எத்தன ஊர்ச் சளிடி இதுக்குள்ள இருக்கு?"

ஜூனிபரைக் கடைசி வேலிக்குள் தனியாக விடச் சொன்னாள்.

அக்டோபரில், பால் மறக்கவைத்த குட்டிகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்று பின்னங்கால் தள்ளாடி, நாய் மாதிரி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ட்ரீமா குதிரை ஏற்றும் ட்ரெய்லரைக் கொண்டுவந்து ஜூனிபரின் வேலிமுன் நிறுத்தினாள்.

"ஏத்து. இருட்டுறதுக்குள்ள கெளம்பு."

"சினையா இருக்குக்கா. எங்க போவேன்?"

"நாடெல்லாம் சுத்துனவளுக்கு நான் வழி சொல்லணுமாக்கும்?"

அப்போதுதான் கால்நடை மருத்துவர் பிரூவிட், எல்லாக் குதிரைகளின் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்த சளியின் பரிசோதனை முடிவோடு வந்தார். "ஜூனிபர்கிட்ட ஒண்ணுமில்ல. நட்மெக் மூக்குலதான் வைரஸ் இருக்கு."

நட்மெக் கிழட்டுக் குதிரை. தாய்களைப் பிரித்துக் கொண்டுபோகும்போது குட்டிகள் கத்தாமலிருக்க அதைத்தான் கூடவே விட்டுவைப்பாள் ட்ரீமா. அதற்குக் காய்ச்சல் இல்லை, நன்றாக மேய்ந்துகொண்டிருந்தது.

"குச்சிய மாத்தி எடுத்திருப்பீங்க டாக்டர்."

"மாத்தல. இந்த வைரஸ் சின்ன வயசுலயே அதுக்குள்ள போயிருக்கும். போய் நரம்பு வேர்ல படுத்துத் தூங்கும். தூங்குறப்ப சளிய எடுத்துப் பாத்தா ஒண்ணும் தெரியாது. உடம்பு அலுத்துப்போனா முழிச்சுக்கும். சமீபத்துல அத ட்ரெய்லர்ல எங்கயாவது கூட்டிட்டுப் போனீங்களா?"

"நட்மெக் எங்கயும் போகல."

அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்: "ஹாகின்ஸ் பண்ணைக்கு நான்தானேக்கா ஓட்டிட்டுப் போனேன், போன மாசம்."

"அது ஒரு போறதாடி? பக்கத்துப் பண்ண! அவங்க குட்டிங்க கத்துதேன்னு ஒத்தாசைக்கு அனுப்பினது. வருஷா வருஷம் அனுப்புறேன்."

"ட்ரெய்லர்லதானே?" என்றார் மருத்துவர்.

ட்ரீமா ஜூனிபரைக் கைகாட்டினாள். "அப்ப இதுக்குள்ளயும் எதாவது தூங்குதா?"

"தூங்கலாம். இங்க பாதிக் குதிரைக்கு மேல அப்படித்தான். இப்ப ஏத்தி அலைக்கழிச்சா அதுவும் முழிச்சுக்கலாம், சினையும் கலைஞ்சு போகலாம். ஒரு குதிரையும் பண்ணைய விட்டு நகரக் கூடாது."

லாயத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த தலைகளை ட்ரீமா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே இத்தனை நாள் தன்னிடம் எதையோ மறைத்துவிட்டதுபோலப் பார்த்தாள். பிறகு வண்டியிலிருந்து ட்ரெய்லரைக் கழற்றினாள்.

"இருந்து தொல. ஆனா தனி வாளி, தனி ஹோஸ் பைப். ரெண்டு வேளையும் காய்ச்சல் பாக்கணும். நீ பாக்காத, நான் பாப்பேன்."

"நட்மெக்குக்கு?"

அவள் நட்மெக்கிடம் போனாள். அது வழக்கம்போல் அவள் தோளில் தாடையை வைத்தது. கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு குட்டிகள் பக்கம் திரும்பியவள் நின்று, குழாயடிக்குப் போய், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நட்மெக்கைத் தொட்டுவிட்டு அவள் கை கழுவி நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றுதான்.