பிரேக்கில் வந்த அக்கா

நிரந்தர வேலையில் இருக்கும் நான் மறந்ததை, அன்றைக்கு வேலையிலேயே இல்லாத ஒருவர் எப்படி நினைவில் வைத்திருந்தார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் நான் மேற்பார்வையாளர். அங்கே கைப்பிடி ஒட்டும் அக்கா பல வருடங்களாக ஒப்பந்தத் தொழிலாளி. சில மாதங்களுக்கு ஒருமுறை அவரைப் பத்து நாள் நிறுத்திவிட்டு, புது ஆள்போல மறுபடி எடுப்பார்கள். அதற்குப் பெயர் பிரேக். அந்த நாட்களில் அவர் உள்ளே வரக்கூடாது.

அப்படியொரு பிரேக்கின்போது, சனிக்கிழமை மதியம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன். போட்டது போட்டபடி ஓடினேன். சுடாத கோப்பைகளை ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் கைப்பிடி ஒட்டாது. ஞாயிறு மாலை குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

திங்களன்று முதல் ஆளாகப் போனேன். எல்லாம் மூடியிருந்தது. சாக்கில் ஈரமும் இருந்தது.

"கைப்புடி ஒட்டுற அந்தம்மாதாங்க," என்றார் வாட்ச்மேன் மெதுவாக. "எப்ப கூப்புடுவாங்கன்னு கேக்க வந்துச்சு. நீங்க ஓடனதப் பாத்துட்டு, சாக்கு போட்டாங்களான்னு பாக்க உள்ள போயிடுச்சு. நேத்தும் வந்து தண்ணி தெளிச்சிட்டுப் போச்சு."

சற்று நேரத்தில் மேனேஜர் வந்து பார்த்தார். "கொழந்தைக்கு முடியாதப்பவும் மூடிட்டுப் போயிருக்கீங்க. பர்மனென்ட் ஆளுன்னா இதாம்மா. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இந்த அக்கறை வருமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"பாப்பாவுக்கு ஜொரம் வுட்டுச்சுங்களா?"

"வுட்டுடுச்சு. பிரேக்குல எதுக்குக்கா வந்தீங்க?"

"நான் பிரேக்குல இருக்கறது கோப்பைக்குத் தெரியுமாங்க? காத்தடிச்சா அதுபாட்டுக்குக் காஞ்சிடும்." சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "யாராண்டயும் சொல்லிடாதீங்க. உள்ள வந்தது தெரிஞ்சா மறுபடி கூப்புட மாட்டாங்க."

சரி என்றேன். ஆனால் காலையில் மேனேஜர் முன் நான் சும்மா இருந்தபோது, சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கவில்லையே.

இப்போது ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். யாரை என்று காரணத்தோடு எழுதித் தரும்படி மேனேஜர் என்னிடம் கேட்டிருக்கிறார். அக்கா பெயரை எழுதிவிட்டேன். காரணம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமையை எழுதினால் இருக்கிற வேலையும் அவருக்குப் போகலாம். எழுதாவிட்டால், வேறு எதைச் சொன்னாலும் மேனேஜர் நம்பமாட்டார். நான் தயங்குவது அக்காவுக்குக் கொடுத்த வார்த்தைக்காகவா, எனக்குக் கிடைத்த பாராட்டுக்காகவா என்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும். நீங்களாக இருந்தால் அதில் என்ன எழுதுவீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.