புதுநன்மைக்குப் போன பல்செட்

பினாங்கில் என் மகன் சவரியின் பற்கள் இரவில் தம்ளர் தண்ணீரில் கிடக்கும், அவன் கட்டிலில் கிடப்பான். பக்கத்து வீட்டுச் சீனப் பெண் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை; தம்ளரை மூடி வைக்கச் சொல்வாள், அவ்வளவுதான். நம் ஆவூரில், மேல்பல் முதலில் முளைத்ததற்கே என் அண்ணன் ஒரு வருஷம் பிள்ளை முகத்தில் விழிக்கவில்லை. தாய்மாமனுக்கு ஆகாதாம். பிள்ளைக்கோ கூர்கூராக மூன்றே பல், தலையில் நாலு முடி, வெயிலில் நின்றால் உடம்பு கொதிக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஊரே மாமனுக்காகக் கவலைப்பட்டது. நானும் வெள்ளியில் பல்வரிசை செய்து கோயிலுக்குக் காணிக்கை போட்டேன். கோயிலுக்கு முழு வரிசை சேர்ந்தது. பிள்ளை கஞ்சிதான் குடித்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் கப்பலேறி, பினாங்கில் வேலையிலிருந்த என் வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் சீனப் பல் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, பையனுக்கு வியர்க்குமா என்று கேட்டார். தமிழ் நர்ஸம்மா அதைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. "பிள்ளைய நாங்க வேலைக்கெல்லாம் விடுறதில்லீங்க" என்றேன். நர்ஸம்மா அதை அவருக்குச் சொல்லாமல் விட்டது என் அதிர்ஷ்டம். பல்லும் முடியும் வியர்வையும் கருவிலேயே சேர்ந்து குறைந்துபோகிற அபூர்வக் கோளாறு, யார் கண்ணும் பட்டதல்ல என்று டாக்டர் விளக்கினார். தாடை வளர வளர மாற்ற வேண்டுமென்று சொல்லி ஒரு பல்செட் கட்டிக் கொடுத்தார். சவரி முதலில் கடித்தது முறுக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன்.

பூசையில் பிள்ளை முதல்முறையாக நாக்கில் வாங்கும் அப்பம், அந்தப் புதுநன்மையை ஊரில்தான் வாங்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். போனோம். நன்மை பல்லில் படாமல் விழுங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் எங்கள் உபதேசியார். சொந்தப் பல்லே படக்கூடாதென்றால் பொய்ப்பல் எப்படிக் கோயிலுக்குள் போவது? வெள்ளை உடுப்பில் நின்ற அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், "கழட்டி ஆத்தாகிட்ட குடுத்துட்டு வாப்பா" என்றார். அண்ணனும் தலையாட்டினார். மேல்பல் அவரை ஒன்றும் செய்திருக்கவில்லை, கல்போல நின்றார்.

பல்லைக் கழற்றினால் சவரியின் கன்னம் ஒட்டிக் கிழவனாகிவிடும். அப்புறம் அந்த ஊரில் சாகும்வரை அதுதான் அவன் பேர். எனக்கோ ஆம்பளைகள் முன்னால் பேச வாய் வராது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவனே கேட்டான்: "மத்தவங்கள்லாம் கழட்டிட்டாங்களா?"

உபதேசியார் முன்னால் நின்ற பிள்ளையின் காலரைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார். வரிசை நகர்ந்தது. பல்லோடே போய் நன்மை வாங்கி வந்தான்.

ஆனாலும் ஊரில் இருந்த நாளெல்லாம் சிரிக்கும்போது அவன் கை வாயை மூடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் நகர்ந்த பிறகுதான் கையை எடுத்தான். எடுத்த கையைக் கரையைப் பார்த்து ஆட்டினான். கரை மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தான்.