கரைக்கு விடாத தோணி

மனைவிக்கு ஏழாம் மாதம். முந்திய பிள்ளையை இதே மாதத்தில்தான் இழந்திருந்தோம். இந்த முறை கட்டிலை விட்டு எழும்பவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில். மட்டக்களப்பு வாவி வீட்டுக்கு மறுபக்கம். வாவியில் மீன்பிடிக்கிறவரின் மகள் அவள். "ஒருக்கா எழும்பிப் பாத்திட்டு வாறன்" என்பாள். எனக்குப் பயத்தில் கோபம் வரும். "பேசாமக் கிட!"

போன் செயலிகள் எழுதுவது என் தொழில். அவளுடைய போனுக்குள் ஒரு வாவி செய்தேன்: நீலத் திரை, ஒரு தோணி, அது கரைக்குப் போவதற்கு ஒரு வளைகோடு. பெருமையாகக் காட்டினேன்.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னங்க இது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில போகுது! வளைவில தோணிட மூக்கும் கிறுக வேணாமா?" வயிறு குலுங்கியது. "மெல்லச் சிரி" என்று கெஞ்சினேன்.

கோட்டின் போக்கிலேயே மூக்கையும் திருப்பினேன். அடுத்த குற்றம் வந்தது. "ஐயோ, அதுதானே அப்பா வலை போடுற இடம், அதுக்கு மேலால ஓட்டுறீங்க! வலையச் சுத்தித்தான் போகணும்."

கோட்டை வளைக்க அதற்கு வெளியே ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதை இழுத்தால் கோடு அந்தப் பக்கம் சாயும்; தோணி மட்டும் அந்தப் புள்ளிக்குப் போகாது. இழுத்துக் காட்டினேன்.

"தொடவே தொடாதா?"

"தொடாது."

"ஆனா அதாலதான் வளையுது, என்ன?"

போன பிள்ளைக்கு நாங்கள் பெயர்கூட வைத்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்தத் தோணிய இப்பக் கரைக்கு விடாதீங்க" என்றாள். "பிள்ளை பிறந்தாப் பிறகு விடுவம்."

கோட்டின் நுனியைத் தொடக்கத்தோடு சேர்த்தேன். தோணி சுற்றிச் சுற்றி வந்தது. அவளும் எழும்பாமல் கிடந்தாள். மத்தியானங்களில் போனை நெஞ்சில் வைத்தபடி தூங்கிப்போவாள். நீல வெளிச்சம் கழுத்திலும் நாடியிலும் ஏறி இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், எங்கள் கட்டிலும் தண்ணீரில் மெல்லத் திரும்புவதுபோல இருக்கும்.

மகள் ஒரு காலையில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நான் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? தோணியக் கரைக்கு விடுங்க."

"லெப்டொப் வீட்டில கிடக்கு."

"அப்ப வீட்ட போங்க!"

போனேன். சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து, கோட்டின் நுனியை அவிழ்த்துக் கரையில் வைத்தேன். வலையைச் சுற்றும் வளைவில் மட்டும் கை வைக்கவில்லை. அந்தப் புள்ளி அங்கேயே இருக்கட்டும். அவளுடைய போனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அழைத்தாள். பின்னால் பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது.

"கரைக்கு வந்துட்டு" என்றாள்.