யூதாசின் உயிலும் வாத்தியாரின் கழுத்தும்

எவாரிஸ்தோ தெய்ஷெய்ரா பள்ளிக்கூடம் ஆரம்பித்தது ஊருக்கு அறிவு வளரட்டும் என்றெல்லாம் இல்லை. அவருடைய கவிதைப் புத்தகம் விற்கவில்லை, அவ்வளவுதான். அத்தை விட்டுப்போன ஆலிவ் தோப்பை விற்று, போர்த்தோ நகரத்துக்குப் போய் அச்சடித்த புத்தகம் அது. பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர், நிலா, செத்துப்போன காதலி. காதலி என்று ஒருத்தி இருந்ததேயில்லை என்பது வேறு விஷயம். பாதிரியார் மட்டும் ஒன்று வாங்கி, ஆடிக்கொண்டிருந்த ஆர்மோனியத்தின் காலுக்கு முட்டுக் கொடுத்தார். மீதி எல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்தன. வால்தெமோயிராவில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்தே தெரியாது, அப்புறம் எப்படி விற்கும்? முதலில் வாசகர்களை உண்டாக்குவோம் என்று, ஊர்ச்சபையின் ஆலிவ் செக்குக்கு மேலே இருந்த அறையில் கரும்பலகையை மாட்டிவிட்டார் மனுஷன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதிய வேறொன்று ஊருக்கே மனப்பாடம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, ஏசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கில் தொங்கிய யூதாசை வைக்கோலில் செய்து கொளுத்துவதற்கு முன்னால், அவன் சட்டைப்பையில் இருக்கும் உயிலை, மணியடிக்கிற கோயில்பிள்ளை உரக்க வாசிப்பார். சாகப்போகிற யூதாஸ் ஊரில் ஆளுக்கொரு சொத்து விட்டுப்போவான். சொத்து வருகிற வேகத்தில் மானம் போய்விடும். எழுதுவது யாரென்று யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் எழுதியவர் எவாரிஸ்தோதான். பேர் போட்ட கவிதையை நாய்கூட மோந்து பார்க்கவில்லை, பேர் போடாத பாட்டைத் துணி துவைக்கிற தொட்டியடியில் பெண்கள் பாடிச் சிரித்தார்கள். 'அது என்னுடையது' என்று சொல்ல அவருக்கு நாக்கு துறுதுறுக்கும். சொன்னால் முதுகில் தோல் மிஞ்சாது.

அந்த வருஷம் ஊர்ச்சபைத் தலைவர் குஸ்தோதியோவே மாடியேறி வந்துவிட்டார். ஊரில் ஒயின் விற்கிறவர், வருஷம் தவறாமல் உயிலில் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்.

"வாத்தியாரே, அந்த உயிலை எழுதுறவன் யாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நீதான்னு மட்டும் தெரிஞ்சுது, திங்கக்கிழமை இந்த ரூமுக்குப் பூட்டு."

"நானா? நான் நிலாவைப் பத்தி எழுதுறவன், தலைவரே."

"அதான் யோசிக்கிறேன். அதை நீ வாசிச்சுக் காட்டினா தூக்கம் வருது, இதைக் கேட்டா ரத்தம் கொதிக்குது. ரெண்டும் ஒரே ஆளா இருக்க முடியாதுதான்."

எவாரிஸ்தோவுக்கு இந்தப் பாராட்டில் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் முக்கியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வருஷம் பேனாவைத் தொடவேயில்லை.

சனிக்கிழமை ஊரே கோயில் வாசலில் கூடியது. இன்றைக்கு யூதாஸ் உயில் இல்லாத அநாதையாகச் சாகட்டும் என்று எவாரிஸ்தோ ஓரமாக நின்றார். கோயில்பிள்ளை யூதாசின் பைக்குள் கைவிட்டார். காகிதம் வந்தது. எவாரிஸ்தோ ஓரத்திலிருந்து முன்னால் நகர்ந்தார்.

குஸ்தோதியோவுக்குக் கிணறு ஒன்று கிடைத்தது, ஒயினில் ஊற்றத் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வராமலிருக்க. அடுத்தது வாத்தியார்.

*"அழுதழுது எழுதிய வாத்தியார் புத்தகம்*
*ஆண்டுகள் போயும் ஈரம்;*
*கொடியில் போட்டுக் காயவைக்க*
*என் கயிற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."*

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எவாரிஸ்தோவுக்குக் கோபம் தலைக்கேறியது. தன்னைத் திட்டியதற்கு அல்ல. கடைசி வரிக்கு.

"அடச்சே, ஈரம்னு எடுத்துட்டு இப்படியா முடிக்கிறது? 'கயிறு தந்தேன், கழுத்து பத்திரம்'னு முடிக்க வேணாமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது. அந்தக் குசும்பு எல்லோருக்கும் பழக்கமான குசும்பு.

குஸ்தோதியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இத்தனை வருஷமா என் ஒயினைத் தண்ணின்னது நீதானா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆமா. நான்தான்," என்றார் எவாரிஸ்தோ. பள்ளிக்கூடம் போச்சு என்று தெரிந்தும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, பாழாய்ப்போன நெஞ்சு. "ஆனா இது நான் எழுதினதில்ல."

"நாங்க எழுதினோம்," என்று முன்னால் வந்தாள் ரொட்டிக்காரி எர்மெலிந்தாவின் மகள் லுதோவீனா. பின்னால் வகுப்பே நின்றது. "தலைவர் வந்து மிரட்டினதுல இருந்து சார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தாரு. யூதாசுக்கு யாரும் எழுதலேன்னா பாவம்னு நாங்களே எழுதிட்டோம்."

எர்மெலிந்தா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குஸ்தோதியோ அவளையே முறைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை எவாரிஸ்தோ கரும்பலகையைக் கழற்றி வைத்துக் காத்திருந்தார். குஸ்தோதியோ ஒரு கையில் பூட்டோடும் மறு கையில் தன் மகளோடும் மாடியேறினார்.

"ரொட்டிக்காரி மக பாட்டு கட்டுறா. என் மக ஒயின் பாட்டில் கழுவிக்கிட்டு இருக்கா. இது நல்லாவா இருக்கு? அடுத்த வருஷம் அந்த ரொட்டியோட எடையைப் பத்தி இவ எழுதணும். நல்லா உறைக்கிற மாதிரி சொல்லிக்கொடு." பூட்டை மேஜைமேல் வைத்தார். "இதை ராத்திரி போட்டுக்க. பலகையை எவனாவது தூக்கிட்டுப் போயிடப்போறான்."

அந்த வாரத்துக்குள் உயிலில் அடிபட்டவர்கள் எல்லோரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளினார்கள். உட்கார பெஞ்சு போதவில்லை. எவாரிஸ்தோ கட்டிலுக்கடியில் கிடந்த கட்டுகளைத் தூக்கி வந்து அடுக்கி, அவற்றின்மேல் பிள்ளைகளை உட்காரவைத்தார்.

லுதோவீனா மட்டும் ஒரு புத்தகத்தை உருவி வீட்டுக்கு எடுத்துப்போனாள். எவாரிஸ்தோவுக்கு அன்றைக்கு மீன்கூட இறங்கவில்லை. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

"முழுசும் படிச்சேன், சார்."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரையும் திட்டவே இல்லையே, சார்?"