அம்மன் வேஷம் கலைக்காத அண்ணன்

எழுபதுகளின் கடைசியில், இந்தி தெரிந்தால் பாங்கு வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா என்னை டியூஷனில் சேர்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமக்கு நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மாடு, எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல'தான். அங்கே பையன் என்றால் அச்சா, பொண்ணு என்றால் அச்சீ. தறியில் உட்கார்ந்தபடி என் பாடத்தைக் கேட்கும் அண்ணன், தன்னைச் சொல்லும்போது அச்சீ என்றே சொல்வான். திருத்தினாலும் கேட்கமாட்டான். அண்ணன் என்று எழுத இன்று கை கூசுகிறது. அன்று அப்படித்தான் கூப்பிட்டேன்.

சேலத்து ஆடிப் பண்டிகையில் வண்டி வேடிக்கைக்கு ஆண்கள் சாமி வேஷம் கட்டி வண்டியில் ஏறுவார்கள். மூன்று வருஷமாக அண்ணன்தான் எங்கள் தெருவுக்கு அம்மன். அதற்காக வளர்த்த முடி இடுப்புவரை இருந்தது. பட்டுப்புடவையில் அவனைப் பார்த்து அப்பாவே கன்னத்தில் போட்டுக்கொள்வார். மறுநாள் காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வேஷத்தைக் கலைத்துவிட வேண்டும் என்பது தெரு வழக்கம். அந்த வருஷம் அவன் கலைக்கவில்லை. புடவையோடு வந்து நெசவுக்கு உட்கார்ந்துவிட்டான்.

"கலைக்கறதுக்கு இதுல வேஷம் ஒண்ணும் இல்லீங்கப்பா. நான் இப்படித்தானுங்க."

தறியில் நூல் ஓட்டும் நாடாக்கட்டைக்கு இரண்டு பக்கமும் இரும்பு முனை. அதைப் பிடுங்கி அப்பா அவன் வாயிலேயே அடித்தார். பல் தெறித்தது. சித்தப்பா அவனைத் தறிக்குழியிலிருந்து இழுத்துப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றினார். புடவையை உருவி, விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். அம்மா சமையலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள்.

"அதோட மயிரை அறுடி" என்று அப்பா கத்திரியை என் கையில் திணித்தார். பெற்ற பிள்ளை ஒரு நொடியில் 'அது' ஆகிவிட்டது. பயத்தில் அறுத்தேன் என்றால் பாதிப் பொய். தெருவே வாசலில் நின்று சிரித்ததில் எனக்கும் அவன்மேல் ஆத்திரம். மொண்ணைக் கத்திரி காது மடலைக் கிழித்தது. நான் நிறுத்தவில்லை.

"குளிச்சு வேட்டி கட்டுனா உள்ள வா. இல்லீனா அப்படியே போயிரு" என்றார் அப்பா.

அவன் வாசற்படியில் ரத்தம் துப்பியபடி உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

"ஒரு சொம்பு தண்ணி குடு சாமி. குடிச்சிட்டு யோசிக்கறேன்."

குடம் என் பக்கத்திலேயே இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

அடித்தவர் அப்பா, பிடித்தவர் சித்தப்பா. வீட்டை விட்டு அனுப்பியது நான்தான்.